குழற்போலி

கச்சான் அடிக்கத் தொடங்கி மூன்றாவது கிழமை.
கோணேசபுரி ஆய்வுகூடத்தில்
குழாயைத் திறந்தேன்.
ஓர் இருமல். ஒரு பல்லிச் சொல்.
பிறகு வெறும் காற்று.

பின்னேரம் இரண்டாம் வருடத்துக்குக் காழ் செய்முறை.
நாற்பது சீவல் சாயமேற்றிக் கழுவ வேண்டும்.

கிண்ணியாக் களப்பிலிருந்து வந்த கண்டல் கிளை
ஈரச் சாக்கில் சுற்றியபடி மேசையில்,
சேறு காய்ந்து கணுவெல்லாம் உப்புப் பூத்து.
சவர அலகால் சீவினேன்.
முதல் எட்டும் தடிப்பு.
ஒன்பதாவது வெங்காயச் சருகாய் மினுங்கி
அலகை விட்டு வர மறுத்தது.
சஃப்ரனின் ஒரு சொட்டு.
கழுவ, என் குடிதண்ணீர்ப் போத்தலைச் சரித்தேன்.
வில்லைக்குக் கீழே
சிவப்புக் கரை கட்டிய ஓட்டைகள்.
தெரிவதெல்லாம் சுவர்.
உள்ளே ஒருவரும் இல்லை.

பன்னிரண்டரைக்கு நீர்வழங்கல் சபையிலிருந்து
லாபீர் வந்தார், முதுகு நனைந்த சேர்ட்டோடு.
குழாயில் காது வைத்தார்.
"லைன்ல காத்துப் புடிச்சிட்டு."
ஸ்பேனரைக் கீழே வைத்தவர்
நுணுக்குக்காட்டியை ஒருதரம் சுற்றி வந்தார்.
"இதுல என்ன பாக்கிறீங்க?"

"இதுவும் பைப்தான்."

ஒற்றைக் கண்ணை இறுக்கி
நெடுநேரம் குனிந்து நின்றார்.
உயிரோடிருந்தபோது இது
தன் உட்சுவரில் வளையம் வளையமாய்
இலிக்னின் பூசியது என்றேன்.
பூச்சு முடிந்ததும் புன்வெற்றிடம் கிழிந்து
தன்னைத் தானே கரைத்துக்கொண்டது.
அடுத்த கலத்தோடு முட்டும் தலைச்சுவரும் கரைந்தது,
முழுக்க அல்ல.
கண்டலில் சில படிகள் மிஞ்சும், ஏணி போல.
அந்த இடுக்குகளால்தான் தண்ணீர் ஏறுகிறது.

"மோட்டர்?"

இல்லை.
இலையில் வெயில் குடிக்கிறது;
அந்த இழுவை
அறாத நூலாய் வேர்வரை இறங்குகிறது.
வேருக்கு வெளியே கடல், தன் உப்பால்
திரும்ப இழுக்கிறது.
ஓட்டை இவ்வளவு சின்னனாக இருப்பது அதனால்தான்.
அகன்ற குழலில் நூல் லேசாய் அறும்.

பெட்டியிலிருந்து
பண்டாரவளைப் பைன் சீவலை எடுத்து வைத்தேன்.
இரு நுனியும் கூரான ஒடுங்கல் கலங்கள்.
தலைச்சுவர் திறக்கவே இல்லை;
பக்கத்துக் குழிகளால் கைமாற்றிக் கைமாற்றி
மலையில் ஒரு மரத்தை நிமிர்த்தியவை.
இதற்குப் பெயர் குழற்போலி.

"போலியா? வேலை செய்யுதுதானே?"

பெயர் வைத்தவர்
கச்சானில் வாளியோடு நின்றிருக்க மாட்டார்.

"சரி, செத்துப் போனத ஏன் கலம் எண்டுறீங்க?"
நான் யோசிக்க முன்னமே அவரே சொன்னார்:
"உட்துறையில ஒரு கப்பல் ஆறு மாசமா நிக்குது.
ஆளெல்லாம் இறங்கிட்டாங்க.
அதுவும் கலந்தானே."

பிறகு ஸ்பேனரைக் கையில் எடுத்தபடி,
"இதுலயும் காத்துப் புடிக்குமா?"

பிடிக்கும்.
குமிழி விழுந்த கலம் அத்தோடு நின்றுவிடும்.
குழிச் சவ்வு அதை அயலுக்குள் விடாது.
தண்ணீர் பக்கத்தால் சுற்றிப் போகும்.
ஒவ்வொரு நூல் அறும்போதும் ஒரு 'டிக்';
மனிதக் காதுக்கு எட்டாது.

"எங்களுக்குப் பக்கத்து லைனே இல்லையே, மிஸ்."
சிரித்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

இரும்பு இரண்டுதரம் முனகியது.
தொட்டி துப்பியது, துருநிறத்தில்,
பிறகு தேயிலை நிறத்தில்,
பிறகு ஏறக்குறைய தண்ணீராக.

முதல் வாளியை உள்ளே தூக்கி வந்தார்.
சீவல்களை மறந்தேன்.
களப்பில் வெட்டிய நேரம் தொட்டு
கிளையின் வாய் காற்றில் திறந்து கிடக்கிறது.
வாளிக்குள் அமிழ்த்தி
நீருக்கடியில் இரண்டு விரல்கடை நறுக்கினேன்.

ஒரு குமிழி வந்தது.
மரத்துடையதா சபையுடையதா என்று
லாபீர் குனிந்து பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
அதற்குள் அது உடைந்துவிட்டது.